செம்பரம்பாக்கத்து வீடும் வியாழக்கிழமைப் பட்டியலும்

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குச் செம்பரம்பாக்கம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஏரி. 2017-க்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஒரு காலத்தில் பொழுதுபோக்குப் பூங்காவாக இருந்து பின்னர் படப்பிடிப்பு வளாகமாக மாறிய ஈவிபி ஃபிலிம் சிட்டிக்குள், விஜய் டிவிக்காக ஒரு வீடு கட்டப்பட்டது. 2017 ஜூன் 25 அன்று கமல்ஹாசன் தொகுத்து வழங்க 'பிக்பாஸ்' தமிழின் முதல் பருவம் அங்கே தொடங்கியது. அந்த ஆண்டு போட்டியாளர் ஓவியா வெளியேறியபோது தமிழ்நாட்டில் அதைப் பற்றிப் பேசாத டீக்கடை இருந்திருக்காது. ஆனால் அந்த வீட்டுக்குள் நடந்ததை எடைபோட்டது நம் பேச்சு அல்ல. வாரந்தோறும் வியாழக்கிழமை வெளியாகும் ஒரு பட்டியல்தான் எடைபோட்டது. சனியில் தொடங்கி வெள்ளியில் முடியும் ஒரு வாரத்தின் பார்வையாளர் கணக்கு அடுத்த வியாழன் வெளிவரும். சேனல் அலுவலகங்களில் அன்று காலை மற்ற வேலைகள் மெதுவாகத்தான் நடக்கும்.

இந்தப் பட்டியலுக்கான போட்டியைப் புரிந்துகொள்ள எனக்கு மிகவும் உதவியது தமிழ்த் தொலைக்காட்சி வரலாறு அல்ல, அமெரிக்க மல்யுத்தத்தின் வரலாறு. 1990களின் பிற்பகுதியில் சென்னைப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது அந்நியமான சங்கதியும் அல்ல. கேபிளில் கார்ட்டூன் நெட்வொர்க் இரவானதும் டிஎன்டியாக மாறிவிடும். டபிள்யூசிடபிள்யூ நிறுவனத்தின் மல்யுத்தம் அதில் வரும். டபிள்யூடபிள்யூஎஃப் வேறொரு விளையாட்டுச் சேனலில் வரும். ஸ்டோன் கோல்ட் பெரியவனா கோல்ட்பர்க் பெரியவனா என்று பள்ளிக்கூட வராந்தாக்களில் சண்டை நடந்தது. அந்த இரண்டு நிகழ்ச்சிகளும் தங்கள் நாட்டில் ஒரே இரவில், ஒரே மணி நேரத்தில், ஒன்றையொன்று கொல்லத் துடித்துக்கொண்டிருந்தன என்பது இங்கே பார்த்தவர்களில் பலருக்குத் தெரியாது.

அந்தக் கதை இதுதான். வின்ஸ் மக்மேனின் டபிள்யூடபிள்யூஎஃப், 1993 ஜனவரி முதல் திங்கள் இரவுகளில் 'ரா' நிகழ்ச்சியை நடத்திவந்தது. 1995 செப்டம்பர் 4 அன்று, டெட் டர்னருக்குச் சொந்தமான டபிள்யூசிடபிள்யூ அதே திங்கள் இரவில், தன் டிஎன்டி சேனலில் 'நைட்ரோ'வைத் தொடங்கியது. முதல் நாளே, எதிர் நிறுவனத்தின் வீரர் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த லெக்ஸ் லூகர் நைட்ரோ அரங்கில் வந்து நின்றார். ரா நிகழ்ச்சி சில வாரங்களில் முன்கூட்டியே பதிவுசெய்யப்பட்டது. நைட்ரோவோ நேரலை. அதனால் நைட்ரோவை நடத்திய எரிக் பிஷோஃப், அன்றிரவு ராவில் யார் ஜெயிக்கப்போகிறார்கள் என்பதைத் தன் நிகழ்ச்சியிலேயே அறிவித்துவிடுவார். 1996-ல் ஸ்காட் ஹாலும் கெவின் நாஷும் டபிள்யூடபிள்யூஎஃப்பிலிருந்து டபிள்யூசிடபிள்யூவுக்குத் தாவினார்கள். அதே ஆண்டு ஜூலையில், நல்லவராகவே பார்த்துப் பழகிய ஹல்க் ஹோகன் கெட்டவர் ஆனார். அந்தக் காலகட்டத்தில் 83 வாரங்கள் தொடர்ந்து நைட்ரோதான் முன்னிலை.

திருப்பம் 1998 ஏப்ரல் 13 அன்று வந்தது. ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின் தன் முதலாளி வின்ஸ் மக்மேனையே எதிர்க்கும் கதை ராவை மீண்டும் முதலிடத்துக்குக் கொண்டுவந்தது. 1999 ஜனவரி 4 அன்று நடந்ததை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ராவில் மிக் ஃபோலி என்ற, அழகோ கட்டுடலோ இல்லாத, உடம்பெல்லாம் காயம்பட்ட மனிதர் பட்டம் வெல்லப்போகிறார் என்பதை நைட்ரோ வர்ணனையாளர் வழக்கம்போல் ஏளனத்தோடு சொல்லிவிட்டார். அதைக் கேட்ட லட்சக்கணக்கானோர் அந்த நிமிடமே சேனலை மாற்றினார்கள். அந்த மனிதர் ஜெயிப்பதைப் பார்க்க அவர்களுக்கு ஆசை. முடிவு தெரிந்துவிட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது பிஷோஃபின் கணக்கு. பார்வையாளரின் அன்பு அந்தக் கணக்கில் இல்லை. அதே இரவு நைட்ரோவின் பெரிய போட்டியில் ஹோகன் ஒரு விரலால் நாஷின் நெஞ்சைத் தொட, நாஷ் பொத்தென்று விழுந்து பட்டத்தை ஒப்படைத்தார். காசு கொடுத்து உட்கார்ந்திருந்த அரங்கம் ஏமாந்தது. அந்த ஏமாற்றத்திலிருந்து டபிள்யூசிடபிள்யூ முழுதாக மீளவே இல்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். ஆள் தாவுவதும் வடிவத்தை எடுத்துக்கொள்வதும் தமிழ்ச் சேனல்களிடையே இருபது ஆண்டு வழக்கம். விஜய் டிவியில் 'கலக்கப் போவது யாரு' வெற்றிபெற்றதும் சன் டிவியில் 'அசத்தப் போவது யாரு' வந்தது. விஜயின் 'ஜோடி நம்பர் ஒன்' நடன நிகழ்ச்சிக்குப் பிறகு, 2007-ல் பிறந்த கலைஞர் தொலைக்காட்சியில் 'மானாட மயிலாட' வந்தது. கோபிநாத் நடத்தும் 'நீயா நானா'வுக்குப் பல ஆண்டு கழித்து ஜீ தமிழில் கரு.பழனியப்பன் நடத்திய 'தமிழா தமிழா' வந்தது. ஒவ்வொன்றையும் வெறும் நகல் என்று ஒதுக்கிவிட நான் தயாராக இல்லை. இரண்டு மேடைகள் இருந்ததால்தான் மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பேருந்தேறி வந்த மிமிக்ரி கலைஞர்களுக்கு இரண்டு சம்பள வாய்ப்புகள் இருந்தன. ஒரு சேனல் மட்டுமே இருந்திருந்தால் அவர்களில் பாதிப் பேர் கோயில் திருவிழா மேடையோடு நின்றிருப்பார்கள்.

ஹாலும் நாஷும் தாவியதற்கு மிக நெருக்கமான தமிழ் நிகழ்வு 2024-ல் நடந்தது. 2019 நவம்பரில் விஜய் டிவியில் தொடங்கிய 'குக் வித் கோமாளி' சமையல் நிகழ்ச்சியின் பலம், செஃப் தாமுவும் வெங்கடேஷ் பட்டும் கோமாளிகளோடு சேர்ந்து அடித்த கூத்து. நிகழ்ச்சியைத் தயாரித்தது மீடியா மேசன்ஸ் நிறுவனம். ஐந்தாம் பருவத்துக்கு முன் மீடியா மேசன்ஸும் வெங்கடேஷ் பட்டும் விஜயிலிருந்து விலகினார்கள். 2024 ஏப்ரல் இறுதியில் விஜய் தன் ஐந்தாம் பருவத்தை மாதம்பட்டி ரங்கராஜை நடுவராக அமர்த்தித் தொடங்கியது. மே மாதம் சன் டிவியில் அதே மீடியா மேசன்ஸ் தயாரிப்பில், அதே வெங்கடேஷ் பட்டோடு 'டாப் குக்கு டூப் குக்கு' வந்தது. பெயர் ஒரு பக்கம், குடும்பம் இன்னொரு பக்கம். பார்வையாளர் எதைத் தேர்ந்தெடுப்பார்? மல்யுத்தமாக இருந்தால் அதே நாளில் அதே நேரத்தில் இரண்டையும் மோதவிட்டு விடை கண்டிருப்பார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. விஜயின் நிகழ்ச்சி வார இறுதி இரவுகளில், சன்னின் நிகழ்ச்சி ஞாயிறு பகலில். ஒரே வீடு இரண்டையும் பார்க்கலாம். பல வீடுகள் இரண்டையும் பார்த்தன.

ஏன் இப்படி? இதற்கான விடை அம்பத்தூரிலும் ஆவடியிலும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மல்யுத்தப் போரில் இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இலக்கு ஒரே ஆள்தான்: ரிமோட் தன் கையில் இருக்கும் இளைஞன். தமிழ்த் தொலைக்காட்சியின் இலக்கு ஒரு குடும்பம். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் உருவானது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் படையுடைத் தொழிற்சாலையும் அதே பத்தாண்டில் வந்தன. ஷிஃப்ட் முறையில் வாழும் வீடுகள் இவை. இரண்டாம் ஷிஃப்ட் முடித்து ஆண்கள் வீடு சேர இரவு பத்து மணியைத் தாண்டிவிடும். மாலை ஆறு முதல் பத்து வரை தொலைக்காட்சி அந்த வீட்டுப் பெண்களிடமும் முதியவர்களிடமும் இருக்கிறது. 1999 டிசம்பரில் ராதிகாவின் 'சித்தி' தொடங்கியதிலிருந்து, 'மெட்டி ஒலி', 'கோலங்கள்' என்று சன் டிவி அந்த நேரத்தைக் கையில் வைத்திருந்தது. மல்யுத்தம் பார்க்க ஆசைப்பட்ட பையன் ராவோடும் நைட்ரோவோடும் போராடவில்லை. அம்மாவின் மெகா சீரியலோடு போராடித் தோற்றுக்கொண்டிருந்தான். 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டியைக் கொண்டுசேர்த்தது. ஆனால் நடுவீட்டில் ஒரு பெட்டி, அதைச் சுற்றி ஒரு குடும்பம் என்ற அமைப்பு மாறவில்லை.

ஆகவே தமிழில் உண்மையான நேருக்கு நேர் மோதல் சீரியல் நேரங்களில்தான் நடக்கிறது. சேனல்காரர்கள் அதை ஸ்லாட் என்பார்கள். ஒரு ஸ்லாட்டில் எதிராளி முந்தினால், கதையைக் கல்யாணத்துக்கோ கொலைக்கோ ஜெயிலுக்கோ திருப்புவார்கள். அதுவும் போதாதென்றால் மகாசங்கமம். இரண்டு சீரியல்களின் குடும்பங்களை ஒரே ஊர்த் திருவிழாவிலோ ஒரே கல்யாண மண்டபத்திலோ சந்திக்கவைத்து, இரண்டு அரைமணி நேரங்களையும் சேர்த்து ஒரு மணி நேரமாக ஓட்டுவது. ஒரு சீரியலின் பார்வையாளரை அடுத்த அரைமணியில் சேனல் மாறாமல் பிடித்துவைப்பதற்கான உத்தி இது. மல்யுத்தத்தில் இரண்டு பகைவர்களை ஒரே கூண்டுக்குள் அடைப்பார்களே, அந்த வேலையை இங்கே மாமியார்கள் செய்கிறார்கள். வியாழக்கிழமைப் பட்டியலின் உச்சியில் அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் இருந்தவை 'கயல்', 'எதிர்நீச்சல்', 'சிங்கப்பெண்ணே', 'சிறகடிக்க ஆசை' போன்ற தினசரித் தொடர்கள்தான். செம்பரம்பாக்கத்து வீட்டின் வேலை வேறு. இளைஞர்களையும் நகரத்துப் பார்வையாளரையும் அவர்களைத் தேடிவரும் விளம்பரதாரரையும் இழுத்துவருவது அதன் வேலை. முதல் பருவத்தில் இரவு ஒன்பது மணிக்கு வந்த பிக்பாஸ் பின்னாளில் பத்து மணிக்கும் நகர்ந்தது. அந்த இடைவெளியில் விஜய் தன் சீரியல்களுக்கு இடம் ஒதுக்கிக்கொண்டது. தன் வீட்டுச் சண்டைக்காரனாலேயே தன் சீரியல் அடிபடக்கூடாது அல்லவா.

விதிவிலக்காக ஒரு பருவம் உண்டு. 2021-ன் இரண்டாம் பாதியில் மூன்று பெரிய சேனல்களும் மூன்று சர்வதேச வடிவங்களோடு களமிறங்கின. ஆகஸ்டில் சன் டிவி, விஜய் சேதுபதியை வைத்து 'மாஸ்டர்செஃப்' தமிழைத் தொடங்கியது. செப்டம்பரில் ஜீ தமிழ், அர்ஜுன் தொகுத்து வழங்க சான்சிபார் தீவில் எடுத்த 'சர்வைவர்' தமிழைக் கொண்டுவந்தது. அக்டோபர் 3 அன்று பிக்பாஸ் ஐந்தாம் பருவம் செம்பரம்பாக்கத்தில் தொடங்கியது. மூன்றும் இரவு நேரத்தில் அருகருகே நின்றன. முடிவு என்ன? மாஸ்டர்செஃப்பும் சர்வைவரும் அந்தந்தச் சேனலில் அடுத்த பருவம் காணவில்லை. பிக்பாஸ் தொடர்ந்தது. சர்வைவரில் ஆட்கள் கடலில் குதித்தார்கள், சேற்றில் உருண்டார்கள், பசியில் வாடினார்கள். பிக்பாஸில் சமையலறையில் நின்று யார் பாத்திரம் கழுவுவது என்று சண்டை போட்டார்கள். நம் வீடுகளுக்குத் தெரிந்தது இரண்டாவது சண்டை. அதனால்தான் அது நின்றது என்று நினைக்கிறேன். 2024 அக்டோபரில் கமலின் இடத்துக்கு அதே விஜய் சேதுபதி வந்தார்.

இவ்வளவு பெரிய ஆட்டத்தின் தீர்ப்பை எழுதுவது யார் என்ற கேள்விக்கு வருவோம். இந்தியாவில் 2015 முதல் அந்தப் பொறுப்பு பார்க் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒளிபரப்புப் பார்வையாளர் ஆய்வுக் குழுமத்திடம் இருக்கிறது. அதற்கு முன் டேம் நிறுவனம் கணக்கெடுத்தது. பார்க் முறையில், ஒவ்வொரு சேனலின் ஒலியிலும் காதுக்குக் கேட்காத ஒரு குறியீடு பதிக்கப்படுகிறது. தேர்ந்தெடுத்த வீடுகளில் வைத்த மீட்டர் அந்தக் குறியீட்டைப் பிடித்து, எந்தச் சேனல் ஓடுகிறது என்று அறிகிறது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான். பார்க்க உட்காரும்போது அழுத்த வேண்டும், எழுந்து போகும்போது மறுபடி அழுத்த வேண்டும். 2020களின் தொடக்கத்தில் நாடு முழுக்க இப்படி ஏறத்தாழ 55,000 வீடுகள் இருந்தன. தொலைக்காட்சி உள்ள வீடுகள் 21 கோடி என்று 2020-ல் பார்க் கணித்தது. அதாவது சுமார் 3,800 வீடுகளுக்கு ஒரு வீடு பேசுகிறது.

இதை ஆவடியில் வைத்துப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆவடியில் சுமார் 3.45 லட்சம் பேர். வீட்டுக்கு நான்கு பேர் என்று கொண்டால் 86,000 வீடுகள். அதே விகிதத்தில் பார்த்தால் ஆவடி முழுமைக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று மீட்டர் வீடுகள் வரும். உண்மையில் மீட்டர்கள் இப்படி ஊர்வாரியாகப் பங்கிடப்படுவதில்லை. அளவைப் புரிந்துகொள்ளவே இந்தக் கணக்கு. திருமுல்லைவாயிலில் ஒரு பாட்டி பொத்தானை அழுத்த மறந்துவிட்டுத் தூங்கிப்போனால், ஆயிரக்கணக்கான பாட்டிகள் தூங்கிப்போனதாகிவிடும். மாதிரிக் கணக்கெடுப்பே தவறு என்று நான் சொல்லவில்லை. நைட்ரோவும் ராவும் மோதிய காலத்தில் அமெரிக்காவின் நீல்சன் நிறுவனம் சுமார் 5,000 வீடுகளை வைத்துத்தான் கோடிக்கணக்கான வீடுகளைக் கணித்தது. மாதிரி சிறிதாக இருப்பது பிழையல்ல, வீடுகள் நியாயமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், அவை யாருடையவை என்பது ரகசியமாக இருந்தால்.

அந்த ரகசியம்தான் இந்தியாவில் திரும்பத் திரும்ப உடைந்திருக்கிறது. 2001-ல் மும்பையின் மீட்டர் வீடுகளின் பட்டியல் வெளியே கசிந்தது. 2012-ல் என்டிடிவி, டேமின் உரிமையாளர்களில் ஒன்றான நீல்சன்மீது நியூயார்க்கில் வழக்குப் போட்டது. 2020 அக்டோபரில் மும்பைக் காவல்துறை, சில சேனல்களைப் போட்டுவைக்கச் சொல்லி மீட்டர் வீடுகளுக்கு மாதம் 400, 500 ரூபாய் கொடுக்கப்பட்டதாகக் குற்றம்சாட்டியது. செய்திச் சேனல்களின் ரேட்டிங் அந்த அக்டோபரில் நிறுத்தப்பட்டு, 2022 மார்ச்சில்தான் மீண்டும் வந்தது. பொழுதுபோக்குச் சேனல்களின் கணக்கு நிற்கவில்லை. கோடிக்கணக்கில் விளம்பரம் நகரும் ஒரு சந்தையில், சில நூறு ரூபாயால் ஒரு வீட்டின் சாட்சியத்தை மாற்ற முடியும் என்ற குற்றச்சாட்டே என்னைக் கலங்கவைக்கிறது. மல்யுத்தத்தில் ஜெயிப்பவர் யார் என்பது முன்பே எழுதப்பட்டது. டபிள்யூடபிள்யூஎஃப் தரப்பே 1989-ல் நியூஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தில் அதை ஒப்புக்கொண்டது. பிக்பாஸிலும் எவ்வளவு எழுதப்பட்டது என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. அவையெல்லாம் கதைக்குள் நடப்பவை, பொறுத்துக்கொள்ளலாம். கணக்கே எழுதப்பட்டதாக இருக்கக்கூடாது.

இந்தப் போட்டிக்கு இன்னொரு விலையும் இருக்கிறது. அதைப் பற்றி வியாழக்கிழமைப் பட்டியல் ஒரு வரியும் சொல்லாது. பிக்பாஸ் வீடு ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாக அலங்கரிக்கப்படுகிறது. அறுபது கேமராக்கள் என்று சேனலே பெருமையோடு சொன்ன ஓர் அமைப்பை இரவும் பகலும் இயக்கப் பல நூறு தொழிலாளர்கள் வேண்டும். 2018-ல் அந்த அரங்கில் வேலைபார்த்த குளிர்சாதன மெக்கானிக் ஒருவர் தவறி விழுந்து இறந்தார். அதே ஆண்டில், மும்பையிலிருந்து ஆட்களை அழைத்துவருவதைக் குறைத்து இங்குள்ளவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று ஃபெப்சி தொழிலாளர் சம்மேளனம் போராட முனைந்தது. அதே வளாகத்தில் 2019-ல் ஒரு திரைப்பட அரங்கில் விளக்கு விழுந்து படுகாயமடைந்த எலக்ட்ரீஷியன் பின்னர் உயிரிழந்தார். 2020 பிப்ரவரி 19 இரவு அங்கேயே 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். திரைப்பட விபத்துகளுக்கு ரேட்டிங் காரணமல்ல. ஆனால் குறித்த நாளில், குறித்த நேரத்தில் திரைக்கு வந்தாக வேண்டும் என்ற அவசரம் இந்த வளாகத்தின் எல்லா அரங்குகளிலும் ஒன்றுதான்.

2020 நவம்பரில் நிவர் புயலின்போது செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டது. பிக்பாஸ் வீட்டுக்குள் மழைநீர் புகுந்து போட்டியாளர்களை ஹோட்டலுக்கு மாற்றியதாக அப்போது செய்திகள் வந்தன. நிகழ்ச்சி நிற்கவில்லை. 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், அதே வளாகத்தில் மோகன்லால் நடத்திய மலையாள பிக்பாஸ் ஊரடங்கை மீறி நடந்துகொண்டிருந்தது. திருவள்ளூர் மாவட்ட அதிகாரிகள் வந்து அரங்குக்குச் சீல் வைத்தபிறகுதான் நின்றது. ஆம்புலன்ஸ் ஒலி ஓயாத அந்த வாரங்களிலும் ஒரு வீட்டை ஓடவைத்தது எது என்று கேட்டால், எனக்கு வேறு விடை தெரியவில்லை: பட்டியலில் இடம் போய்விடக்கூடாது என்ற பயம்தான்.

இப்போது போர்க்களமே நகர்கிறது. சோனி 2021-ல் தமிழ், தெலுங்கு வர்ணனைகளுக்காக டென் 4 சேனலைத் தொடங்கியபோது மல்யுத்தத்துக்கும் தமிழ்க் குரல் கிடைத்தது. 2025 ஏப்ரலில், டபிள்யூடபிள்யூஇ என்று பெயர் மாறிவிட்ட பழைய டபிள்யூடபிள்யூஎஃப், இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸுக்குப் போய்விட்டது. ஆவடிப் பையன் இனி அதைக் கைபேசியில் பார்ப்பான். நடுவீட்டு மீட்டருக்கு அவன் தெரியமாட்டான். பிக்பாஸும் 2022-ல் 'அல்டிமேட்' என்ற பெயரில் ஹாட்ஸ்டாரில் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடிப் பார்த்தது. 2025 ஜூலையில் ஒன்றிய அரசு, ரேட்டிங் நிறுவனங்களுக்கான 2014 நெறிமுறைகளைத் திருத்தி, இத்துறைக்குள் மேலும் நிறுவனங்கள் வர வழிசெய்யும் வரைவை வெளியிட்டது. ஒரே கணக்கர் என்ற நிலை மாறினால், இரண்டு பட்டியல்கள் இரண்டு வெற்றியாளர்களை அறிவிக்கும் வியாழக்கிழமைகளும் வரலாம்.

அதைவிட முக்கியமான மாற்றம் 2024 நவம்பரில் நடந்தது. ரிலையன்ஸும் டிஸ்னியும் தங்கள் இந்தியத் தொலைக்காட்சித் தொழிலை இணைத்தன. 2018-ல் போட்டியாளராக வந்த கலர்ஸ் தமிழும் விஜய் டிவியும் ஒரே முதலாளியிடம் வந்து சேர்ந்தன. மல்யுத்தத்தில் இந்தக் கட்டம் 2001 மார்ச்சில் வந்தது. டபிள்யூசிடபிள்யூவை வின்ஸ் மக்மேன் சில மில்லியன் டாலருக்கு வாங்கினார். மார்ச் 26 அன்று கடைசி நைட்ரோ. அந்த இறுதி வாரங்களிலும் அதைப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகள் பல லட்சம். அவர்கள் எல்லோரும் அடுத்த திங்களிலிருந்து ராவுக்கு வருவார்கள் என்பதுதான் எல்லோருடைய எதிர்பார்ப்பும். பெரும்பாலானோர் வரவில்லை. வேறு சேனலுக்குப் போனார்கள், அல்லது மல்யுத்தம் பார்ப்பதையே விட்டார்கள். ராவின் பார்வையாளர் எண்ணிக்கையும் அடுத்த ஆண்டுகளில் சரிந்தது. எதிரியை வாங்கலாம், எதிரியின் பார்வையாளரை வாங்க முடியாது என்பதை அந்த நிறுவனம் வாங்கிய பிறகுதான் கண்டது. விஜயும் கலர்ஸ் தமிழும் ஒரே கூரையின்கீழ் வந்தபின், கலர்ஸ் தமிழை மாலை நேரத்தில் போட்டு வைத்திருந்த அம்பத்தூர் வீடுகள் எந்தச் சேனலுக்குப் போகின்றன, அல்லது பெட்டியை அணைத்துவிட்டுப் போகின்றனவா என்பதை வரும் வியாழக்கிழமைகளில் கவனித்துப் பார்க்க வேண்டும்.